முகமூடியின் வழியும் உடைமையும்: லெவி-ஸ்ட்ராஸின் முகமூடி ஆய்வு குறித்த மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரை முகமூடிகளைப் பற்றிக் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் எழுதிய ‘முகமூடிகளின் வழி’ (1975) அமைப்பியல் முறையின் சிறந்த செயல்விளக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஒரு முகமூடியை அதன் வடிவத்தைக் கொண்டு மட்டும் அடையாளம் காண இயலாது என்பதை அந்நூல் நிறுவுகிறது. எனினும், அம்முகமூடிகள் அருங்காட்சியகங்களை வந்தடைந்த வழி அதன் வாதத்தில் இடம்பெறவில்லை. 1921இல் குவாக்குவாக்கவாக் மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட பொட்லாட்ச் தொகுப்பின் வரலாற்றோடு இந்நூலை இணைத்து வாசிக்கும் இக்கட்டுரை, அடையாளப்படுத்தல் என்னும் செயலுக்குள் உடைமை பற்றிய கேள்வி தொடக்கத்திலிருந்தே அடங்கியிருப்பதை விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: முகமூடி, அமைப்பியல், பொட்லாட்ச், குவாக்குவாக்கவாக், அருங்காட்சியகம், மீட்பு, உடைமை.

முன்னுரை

தமிழில் ‘முகமூடி’ என்னும் சொல் மறைத்தலைக் குறிக்கிறது. ‘பொய்முகம்’ என்னும் சொல்லோ ஒருபடி மேலே சென்று மறைப்பதைப் பொய்யென்றும் தீர்ப்பிடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கடற்கரையில் வாழும் குவாக்குவாக்கவாக் மக்களின் உருமாற்ற முகமூடிகளுக்கு இவ்விரு சொற்களும் பொருந்துவதில்லை. ஆடுபவர் கயிற்றை இழுத்ததும் பறவையின் அல்லது விலங்கின் முகம் பிளந்து விரிய, உள்ளிருந்து ஒரு மனித முகம் வெளிப்படுகிறது. அங்கு முகமூடியின் பணி திறப்பதாகும். அத்திறப்பின் வழியே ஒரு குலத்தின் மூதாதை யார், அவர் எவ்வுருவிலிருந்து எவ்வுருவுக்கு மாறினார், அக்கதையை ஆடிக்காட்டும் உரிமை யாருக்கு உண்டு என்பன அவையோர் முன் அறிவிக்கப்படுகின்றன. வேறு சொல் இன்மையால் ‘முகமூடி’ என்பதையே இக்கட்டுரையும் ஆள்கிறது. ஆயினும் அச்சொல்லின் பொருந்தாமை நினைவில் இருத்தத்தக்கது.

தமிழ்த் திறனாய்வில் லெவி-ஸ்ட்ராஸ் புதியவர் அல்லர். தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ (1982) வெளிவந்த காலந்தொட்டு அமைப்பியல் இங்குப் பேசப்பட்டு வருகிறது. தொன்மம், உறவுமுறை, இருமை எதிர்வு ஆகிய கருத்தாக்கங்கள் பெற்ற கவனத்தை அவருடைய முகமூடி ஆய்வு பெற்றதாகத் தெரியவில்லை. பொருள்களைப் பற்றி அவர் எழுதிய மிகச் செறிவான நூல் அதுவே. அவருடைய முறையின் ஆற்றலும் எல்லையும் அதில்தான் அருகருகே காணக்கிடைக்கின்றன.

வடிவம் கூறாதவை

உலகெங்கும் பழங்குடி முகமூடிகளைச் சேகரிப்போர் ஒரு பொருளை மதிப்பிடுகையில் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே எழுப்புகின்றனர். எந்த மரம்? எத்தகைய உளி? உட்புறத்தில் வியர்வையும் உராய்வும் பட்ட தேய்மானம் உண்டா? கட்டுக்கயிறு சென்ற துளைகளின் விளிம்பு மழுங்கியுள்ளதா? நிறமி மண்ணிலிருந்து எடுத்ததா, தொழிற்சாலையில் செய்ததா? இக்கேள்விகள் அனைத்தும் ‘ஆடப்பட்ட’ முகமூடியை விற்பனைக்கெனச் செய்த முகமூடியிலிருந்து பிரித்தறியும் நோக்கம் கொண்டவை. இவை பயனற்றவை என்று கூறிவிட இயலாது. போலிகள் மலிந்த சந்தையில் இவற்றின் தேவை வெளிப்படை. ஆனால் ஒரு மரபு எவ்வாறு இருக்கவேண்டும் என்ற முன்முடிவை இவை தம்முள் கொண்டுள்ளன.

வில்லி சீவீட் (1873–1967) என்னும் குவாக்குவாக்கவாக் சிற்பியின் படைப்புகள் இதற்குத் தக்க சான்று. வெண்ணிறப் பூச்சின் மேல் கடையில் வாங்கிய பளபளக்கும் எனாமல் வண்ணங்களைத் தீட்டியவர் அவர். மண்நிறமி அளவுகோலின்படி அவருடைய முகமூடிகள் ‘தூய்மை’ குன்றியவை ஆகிவிடும். அவையோ, சடங்குகள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், அத்தடையை மீறி ஆடுவதற்கென்றே செதுக்கப்பட்டவை. அவற்றைவிட மெய்யான முகமூடி என எதைச் சுட்டுவது என்பது எளிதில் விடைகாணக்கூடிய கேள்வி அன்று. கலை வரலாற்றாசிரியர் பில் ஹோம் 1983இல் சீவீட் குறித்து வெளியிட்ட நூலில், கண்வட்டங்களைக் கவராயம் கொண்டு வரையும் பழக்கம் போன்ற நுட்பங்களின் துணையோடு அவருடைய படைப்புகளைப் பிறர் படைப்புகளினின்று பிரித்துக் காட்டினார். ‘பெயரறியாப் பழங்குடிக் கலைஞர்’ என்ற வழக்கமான குறிப்பு நீங்கி அவ்விடத்தில் ஒரு சிற்பியின் பெயர் ஏறியது. இதனை அடையாளப்படுத்தலின் ஒரு வெற்றி எனலாம். எனினும் சிற்பியின் பெயரை அறிவதும் உடையவரின் பெயரை அறிவதும் வெவ்வேறானவை. அம்மக்களின் வழக்கில் பின்னதே முதன்மையானது. மரம் உளுத்தால் வேறொரு முகமூடி செய்துகொள்ளலாம். அதனை அணிந்து ஆடும் உரிமையோ பிறப்பாலும் திருமணத்தாலும் மட்டுமே கைமாறும்.

ஃபிரான்ஸ் போவாஸின் பட்டறிவு இங்கு நினைக்கத்தக்கது. யாகோப்சன் 1880களின் தொடக்கத்தில் வடமேற்குக் கடற்கரையில் திரட்டிய பொருள்கள் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்தன. அம்முகமூடிகளின் வரைபடங்களை உடன்கொண்டு 1886இல் கடற்கரைக்குச் சென்ற போவாஸ், அவை எவை எனக் கண்டவரிடமெல்லாம் வினவினார். கிடைத்த விடைகள் முரண்பட்டன. தம் குடும்பத்துக்கு உரியதல்லாத ஒரு முகமூடியின் கதையைக் கூறும் உரிமை பலருக்கு இல்லை என்பது இம்முரண்பாட்டின் காரணங்களுள் ஒன்றாகலாம். 1897இல் குவாக்கியூட்ல் மக்களின் சமூக அமைப்பும் மறைக்குழுக்களும் குறித்து அவர் வெளியிட்ட பெருநூல் இன்றளவும் அத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. அந்நூலின் உருவாக்கத்தில் அவருக்கு உறுதுணையாயிருந்த ஜார்ஜ் ஹண்ட் பிற்காலத்தில் அதற்கு நூற்றுக்கணக்கான பக்கங்களில் திருத்தங்கள் எழுதினார். டிலிங்கிட் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்து, குவாக்குவாக்கவாக் மக்களிடையே வளர்ந்து மணமுடித்தவர் ஹண்ட். அச்சிலேறிய ஒரு முகமூடியின் பெயர், கதை, உடையவர் ஆகியவற்றை அவர் திருத்தும்போதெல்லாம் வடிவத்தை மட்டும் நம்பிய அடையாளப்படுத்தலின் போதாமை வெளிப்படுகிறது. அத்திருத்தங்கள் நெடுங்காலம் அச்சேறாமல் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன என்பது துறையின் வரலாற்றைப் பற்றிச் சிலவற்றை உணர்த்துகிறது.

மூன்று முகமூடிகள்

லெவி-ஸ்ட்ராஸின் நூல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒரு கூடத்தில் தொடங்குகிறது. போவாஸின் முயற்சியால் உருவான அக்கூடத்தைப் போர்க்காலப் புலம்பெயர்வின்போது கண்டு வியந்த அவர், 1943இல் அது குறித்து எழுதிய கட்டுரையின் பகுதியையே நூலின் வாயிலாக அமைத்துள்ளார். அவ்வியப்பினூடே ஒரு புதிர் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. சாலிஷ் மக்களின் ஸ்வைக்வே முகமூடி ஏன் அவ்வாறு இருக்கிறது? உருளைபோல் வெளியே துருத்திய கண்கள், தொங்கும் அகன்ற நாக்கு, கொம்புகளைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் பறவைத் தலைகள், வெண்ணிற அணிகள் ஆகிய கூறுகள் ஏன் ஒன்றுசேர்ந்து வருகின்றன? அதனை மட்டும் உற்றுநோக்குவதால் விடை கிடைக்காது என்பதே அவருடைய முதன்மையான கண்டுபிடிப்பு.

அண்டை மக்களாகிய குவாக்குவாக்கவாக்கிடம் ஹ்வேஹ்வே என்னும் முகமூடி உண்டு. பெயரும் வடிவமும் ஏறத்தாழ ஸ்வைக்வேயைப் போன்றவை. கோமாக்ஸ் மக்கள் வழியாக அவர்களை வந்தடைந்தது அது. ஆனால் சாலிஷ் மக்களிடம் செல்வத்தை ஈட்டித்தரும் அம்முகம் இங்கு ஈகைக்கு எதிரானதாக, செல்வத்தைப் பதுக்குவதாக மாறிவிடுகிறது. அதே குவாக்குவாக்கவாக் மரபில் ட்ஸோனோக்வா என்னும் காட்டு அரக்கியின் முகமூடியும் உண்டு. கரிய நிறம், மயிர், உட்குழிந்து அரைத்தூக்கத்தில் சொருகிய கண்கள், ஊளையிடக் குவிந்த உதடுகள் எனக் கூறுக்குக் கூறு அது ஸ்வைக்வேயின் எதிர்வடிவமாக நிற்கிறது. குழந்தைகளைக் கூடையில் தூக்கிச் செல்லும் அவ்வரக்கியே செப்புத்தகடு, தோல், உலர்இறைச்சி முதலிய செல்வங்களைத் தருபவளும் ஆவாள். அண்டைக் குழுவுக்குச் செல்லும்போது வடிவம் நிலைத்தால் பொருண்மை தலைகீழாகிறது. பொருண்மை நிலைத்தால் வடிவம் தலைகீழாகிறது. இவ்வாறு ஒரு முகமூடி தான் காட்டுவதைப் போலவே தான் காட்ட மறுத்ததாலும் பொருள் பெறுகிறது என்பது அவர் அடையும் முடிபாகும்.

சேகரிப்பாளரின் தனிப்பொருள் வழிபாட்டுக்கு இதைவிட வலிய மறுப்பு எழுதப்பட்டதில்லை எனலாம். பேழையில் தனித்து ஒளியூட்டப்பட்ட ‘தலைசிறந்த’ முகமூடி என்னும் கருத்தே இதனால் குலைகிறது. நூலின் பிரெஞ்சுத் தலைப்பில் ‘வழி’, ‘குரல்’ என இரு சொற்களும் ஒலிக்கும் சிலேடையும் இதனோடு இயைந்தது. முகமூடிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒன்றன் பேச்சைக் கேட்க மற்றதையும் கேட்டாக வேண்டும்.

எனினும் இவ்வுரையாடல் எங்கு நிகழ்கிறது என்ற வினா எஞ்சுகிறது. ஸ்வைக்வேயும் ஹ்வேஹ்வேயும் ட்ஸோனோக்வாவும் ஒரே பார்வையில் அடுத்தடுத்துக் கிடைத்த இடம் அருங்காட்சியகமே. உரிய மக்களிடையே அவை வெவ்வேறு குடும்பங்களின் பெட்டிகளில், வெவ்வேறு பருவங்களில் மட்டும் வெளிவருமாறு வைக்கப்பட்டிருந்தன. ஒப்பீட்டை இயல்வித்த அந்த அண்மை தானாக அமைந்ததன்று. விலைகொடுத்தும் வற்புறுத்தியும் சட்டத்தைக் காட்டியும் உண்டாக்கப்பட்டது அது. லெவி-ஸ்ட்ராஸுக்கு இவ்வழிகள் தெரியாதவை அல்ல. 1940களில் அவரும் ஆந்த்ரே பிரெட்டன், மாக்ஸ் எர்ன்ஸ்ட் முதலியோரும் நியூயார்க் வணிகர் ஜூலியஸ் கார்ல்பாக்கின் கடைக்குச் சென்றுவந்தவர்கள். ஜார்ஜ் ஹே தம் அருங்காட்சியகத்திலிருந்து விற்ற பொருள்கள் அக்கடைக்கு வந்துகொண்டிருந்தன. 1951இல் லெவி-ஸ்ட்ராஸ் தம் தொகுப்பைப் பாரிஸில் ஏலத்தில் விற்றார். ஹேயின் பெயர் இதற்கு 30 ஆண்டுகளுக்கு முந்தைய வேறொரு விற்பனையிலும் இடம்பெறுகிறது.

1921: ஒரு தொகுப்பு உருவான விதம்

பெயர் சூட்டல், திருமணம், இறப்பு ஆகிய நிகழ்வுகளில் விருந்தினரை அழைத்து, குலத்தின் கதைகளை முகமூடி அணிந்து ஆடிக்காட்டி, அவற்றுக்குச் சாட்சியாக அமர்ந்தோர்க்குப் பரிசில் வழங்கும் பெருவிழாவே பொட்லாட்ச். பரிசில் பெறுவது சாட்சியத்தை ஏற்றுக்கொள்வதாகும். எனவே எழுத்தாவணம் இல்லாத அச்சமூகத்தில் உரிமைப்பதிவின் பணியை இவ்விழாவே ஆற்றியது. சமயப் பணியாளரும் அரசும் இதனைச் செல்வத்தை வீணடிக்கும் வழக்கமாகக் கண்டனர். 1884இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்தியர் சட்டத் திருத்தம் பொட்லாட்சைக் குற்றமாக்கியது. 1951இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டபோதுதான் அப்பிரிவு மறைந்தது.

1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டேன் கிரான்மர் நடத்திய பெரும் பொட்லாட்ச் குறித்த செய்தி அரசு முகவர் வில்லியம் ஹாலிடேக்கு எட்டியது. 45 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. உரை நிகழ்த்தியது, ஆடியது, பரிசில் கொடுத்தது, பெற்றது ஆகியன குற்றங்களாகக் கொள்ளப்பட்டன. பின்னர் ஓர் உடன்பாடு முன்வைக்கப்பட்டது: ஊரார் அனைவரும் தம் முகமூடிகளையும் செப்புத்தகடுகளையும் கிலுகிலுப்பைகளையும் ஒப்படைத்துவிட்டால், அவ்வூரைச் சேர்ந்த குற்றவாளிகளின் தண்டனை நிறுத்திவைக்கப்படும். சட்டத்தில் இதற்கு இடமில்லை. 22 பேருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட, ஆணும் பெண்ணுமாக 20 பேர் ஓக்கல்லா சிறைக்கு அனுப்பப்பட்டனர். முதல்முறைக் குற்றத்துக்கு இரண்டு மாதம், மறுமுறைக்கு மூன்று மாதம்.

ஒப்படைக்கப்பட்ட பொருள்கள் அலர்ட் பேயில் தேவாலயத்துக்குரிய கூடம் ஒன்றில் பலகைகளின் மேல் பரப்பப்பட்டு, நுழைவுக்கட்டணத்துடன் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. பொட்லாட்ச் தொகுப்பின் முதல் ‘காட்சி’ அதுவே. அங்கு வந்த ஹேக்கு முகவர் 35 பொருள்களை 291 டாலருக்கு விற்றார். எஞ்சியவை ஒட்டாவாவுக்கு அனுப்பப்பட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்கும் டொராண்டோவிலுள்ள ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்துக்கும் பகிரப்பட்டன. அத்துறையின் தலைமை அலுவலர் டங்கன் கேம்பல் ஸ்காட் சிலவற்றைத் தாமே வைத்துக்கொண்டார். உரியவர்களுக்கு இழப்பீடாக அளிக்கப்பட்ட மொத்தத் தொகை 1,495 டாலர். அதனை ஏற்றதால் பொருள்கள் விற்கப்பட்டவை ஆயின என்பது அரசுத் தரப்பு. சிறைக்கும் சரணடைவுக்கும் இடையே நிறுத்தப்பட்டவரின் கையொப்பத்தை விற்பனை எனக் கொள்வது மொழியின்மீது நிகழும் வன்முறை அன்றி வேறில்லை.

இவ்வரலாறு லெவி-ஸ்ட்ராஸின் நூலில் வாதத்தின் ஓர் உறுப்பாக இல்லை. ‘அமைப்பியல் வரலாற்றைப் புறக்கணிக்கிறது’ என்னும் பழகிய குற்றச்சாட்டை அவர்மீது மீண்டும் ஏற்றுவது இங்கு நோக்கமன்று. அக்குற்றச்சாட்டு இந்நூலுக்கு முழுதும் பொருந்தவும் செய்யாது. முகமூடிகள் எக்குழுவிலிருந்து எக்குழுவுக்குச் சென்றன என்பதை அவர் பொறுமையுடன் தடம் பிடிக்கிறார். கடற்கரை நெடுகிலும் சென்ற அவ்வழி கொள்கலன் பெட்டியின் வாயிலில் ஏன் நின்றுபோகிறது என்பதே வினா. சாலிஷிடமிருந்து கோமாக்ஸுக்கும் கோமாக்ஸிடமிருந்து குவாக்குவாக்கவாக்குக்கும் சென்ற முகமூடியின் பொருள் மாறியது எனில், அலர்ட் பேயிலிருந்து ஒட்டாவாவுக்குச் சென்றபோதும் அது மாறியிருக்க வேண்டும். வடிவம் அப்படியே நிலைத்தது. ஈகையின் சாட்சியாக இருந்த பொருள் பதுக்கலின் சின்னமாயிற்று. அவருடைய விதியே இம்மாற்றத்தைச் செம்மையாக விளக்குகிறது. அவர் அதனை இவ்விடத்தில் செலுத்திப் பார்க்கவில்லை.

இதனினும் முதன்மையான ஒரு செய்தி நூலின் 1979ஆம் ஆண்டு விரிவுபடுத்திய பதிப்பில் உள்ளது. அதில் சேர்க்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று குவாக்கியூட்ல் மக்களின் சமூக அமைப்பை ஆராய்கிறது. தந்தைவழியா தாய்வழியா எனப் போவாஸைக் குழப்பிய அவ்வமைப்பை விளக்க, லெவி-ஸ்ட்ராஸ் ‘வீடு’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். நிலம், பொருள் போன்ற கண்ணுக்குத் தெரியும் சொத்தையும் பெயர், பட்டம், சிறப்புரிமை போன்ற புலப்படாச் சொத்தையும் ஒருசேர உடைமையாகக் கொண்டு, தலைமுறைதோறும் கைமாற்றி, தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும் அறநிலை ஆளே ‘வீடு’. மானிடவியலில் பின்னர் பெரும் செல்வாக்குப் பெற்றது இக்கருத்தாக்கம். அவ்வரையறையின்படி முகமூடி வீட்டின் சொத்து. தனி ஒருவர் அதனைக் கையளித்துவிட முடியாது. முதல் பகுதியில் கலைப்பொருளாகவும் குறியாகவும் ஆராயப்பட்ட முகமூடிகள் யாருடையவை என்ற வினாவுக்கு நூலின் பிற்பகுதி விடை வைத்திருக்கிறது. இரு பகுதிகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அவ்விரிவுபட்ட பதிப்பு வெளியான அதே ஆண்டில்தான் முகமூடிகள் ஊர்திரும்பத் தொடங்கின.

மீண்டும் அடுக்கப்பட்டவை

தேசிய அருங்காட்சியகம் தன்னிடமிருந்த பகுதியைத் திருப்பித்தர இசைந்தபோது, அவற்றை வைக்க அருங்காட்சியகம் கட்டவேண்டும் என்ற நிபந்தனையை விதித்தது. பறிக்கப்பட்ட வீடுகளுக்கு அவற்றை நேரே அளிக்காமல் மற்றோர் அருங்காட்சியகத்துக்கே அளித்தது என்பதில் ஒரு நகைமுரண் உண்டு. எவ்வூரில் கட்டுவது என்பதில் மக்களிடையேயும் ஒருமித்த கருத்து அமையவில்லை. விளைவாக இரு நிறுவனங்கள் தோன்றின: 1979இல் கேப் மட்ஜில் குவாக்கியுல்த் அருங்காட்சியகம், 1980இல் அலர்ட் பேயில் உமிஸ்தா பண்பாட்டு மையம். முற்காலத்தில் போரில் சிறைபிடிக்கப்பட்டோர் மீண்டு ஊர்வந்து சேர்ந்தால் அவர்கள் ‘உமிஸ்தா’ பெற்றனர் என்பர். மையத்தின் பெயர் அவ்வழக்கிலிருந்து வந்தது. ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் தன்னிடமிருந்தவற்றை 1988இல் அளித்தது.

இவ்விரு நிறுவனங்களும் முகமூடிகளை அடுக்கிய முறையை ஜேம்ஸ் கிளிஃபோர்ட் தம் கட்டுரையொன்றில் (1991) ஒப்பிட்டுள்ளார். கேப் மட்ஜில் பொருள்கள் உடைமைக் குடும்பங்களின் பெயரால் அறியப்படுகின்றன. அலர்ட் பேயிலோ அவை பொட்லாட்சில் தோன்றும் வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. தொகுப்பின் முகமூடிகள் கண்ணாடிப் பேழைக்குள் இல்லை. நெடுங்காலம் பூட்டிவைக்கப்பட்டவற்றை மீண்டும் பூட்டிவைக்க மனமில்லை என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். ஒன்று உடையவரை முன்னிறுத்துகிறது. மற்றது நிகழ்வின் ஒழுங்கை முன்னிறுத்துகிறது. இனக்குழு வாரியாக அடுக்கிய நியூயார்க் கூடத்தோடு சேர்த்து நோக்கினால் இவை மூன்று அடையாளப்படுத்தல் முறைகள். கிளிஃபோர்ட் அனைத்துக்கும் சம இடம் தர விழைகிறார். அப்பெருந்தன்மை ஏற்புடையதாக இல்லை. முதல் முறை மற்ற இரண்டின் தகவலை அழித்தே உருவாயிற்று. மற்ற இரண்டும் முதல் முறையின் எந்தத் தகவலையும் அழிக்கவில்லை. ட்ஸோனோக்வாவின் குழிந்த கண்களை அலர்ட் பேயிலும் ஸ்வைக்வேயின் துருத்திய கண்களோடு ஒப்பிட்டு எண்ணிப்பார்க்கலாம்.

திரும்புதல் இன்னும் முற்றுப்பெறவில்லை. பிரெட்டனின் தொகுப்பில் இருந்த தலையணி ஒன்றை 2003இல் அவருடைய மகள் ஓப் பிரெட்டன்-எலேயுயே உமிஸ்தா மையத்திடம் ஒப்படைத்தார். தனியார் ஒருவரால் தாமே முன்வந்து செய்ய முடிந்ததைப் பெரும் நிறுவனங்களின் விதிகள் எளிதில் செய்யவிடுவதில்லை. 1921இல் பறிக்கப்பட்டவற்றுள் ஒன்றான உருமாற்ற முகமூடி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தது. அந்நிறுவனம் தன் சேகரத்திலிருந்து பொருள்களை நிரந்தரமாக விலக்குவதை 1963ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே 2005இல் அது நீண்டகாலக் கடனாக அலர்ட் பேக்கு வந்தது. அக்கடன் ஏற்பாட்டின்படி கொடுத்தவர் லண்டன் அருங்காட்சியகம். பெற்றவர் உமிஸ்தா மையம். அதனை ஆடிய வீட்டுக்கு அவ்வேற்பாட்டில் பெயர் இல்லை.